பதினொரு பேருக்கும் ஒரே கடவுச்சொல்

தொலைக்கல்வி நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நிலைய மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். “இப்ப எல்லாரும் போன்லயே பாடம் படிக்கிறாங்க அண்ணே. அந்தக் காலத்துலயே நீங்க இன்டர்நெட்ல ஆராய்ச்சி எழுதச் சொல்லிக் குடுத்தீங்களாமே. அது எப்பிடின்னு எழுதுங்க” என்றார்கள். நான் யாருக்கும் எதையும் படிப்பித்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது எழுந்து நின்று கேட்டுவிடக் கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கதவைத் திறந்தேன், கணினியைப் போட்டேன், தொலைபேசி இணைப்பைக் காவல் காத்தேன். நடுவில் ஒரு பெரிய தவறும் செய்தேன். எழுதச் சொன்னால் அந்தத் தவறுதான் முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் ஊர் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா மலையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால் என் படிப்பு நின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் நாலு வருசம், தோட்டத்து ஆபீசில் எடுபிடியாக அஞ்சு வருசம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் ஹட்டனில் தொலைக்கல்வி நிலையம் திறந்தபோது அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. பத்து வருசத்துக்கு மேல் பாடப் புத்தகப் பொதிகளை அவிழ்த்து, பெயர் பார்த்து அடுக்கிக் கொடுத்தேன். ஒரு பொதி கூட ஆள் மாறிப் போனதில்லை. கொடுத்த பிறகும் வீட்டுக்குப் போய் “சரியாத்தான் குடுத்தோமா” என்று யோசித்துக்கொண்டிருப்பேன் என்பது வேறு கதை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறு கணினிகள் வந்தன. அவற்றோடு நல்லநாதன் சேரும் நிலையப் பொறுப்பாளராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே எனக்கு அவரிடம் பயம் அதிகம். காலை எட்டரைக்கு வந்து குடையை விரித்து வராந்தாவில் வைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிளேடால் பென்சிலைச் சீவுவார். எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் மூன்று முறை வாசிப்பார். முதல் முறை பென்சிலைத் தொட மாட்டார். இரண்டாம் முறை ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள் போடுவார். மூன்றாம் முறை அவற்றில் சிலவற்றை அவரே அழிப்பார். அழியாமல் மிஞ்சியதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் கணினி அறையில் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் ஒரு கேள்விக்குறி.

“ஒழுகினதைக் கண்டனீரோ, ஆரும் சொன்னவையோ?”

“தரையில தண்ணி கிடந்துச்சு சேர்.”

“அப்ப தண்ணி கிடந்தது எண்டு எழுதும். கூரையோ யன்னலோ எண்டு பிறகு பாப்பம்.”

போய்ப் பார்த்தால் யன்னல்தான்.

ஆராய்ச்சி செய்வது எப்படி, அதைக் கட்டுரையாக எழுதுவது எப்படி என்ற பாடத்தைப் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். கொழும்பில் ஒரு விரிவுரையாளர் வாராவாரம் பாடத்தை இணையத்தில் ஏற்றுவார். மாணவர்கள் அதை வாசித்து, கலந்துரையாடல் பகுதியில் கருத்து எழுத வேண்டும். கடைசியில் ஆளுக்கொரு சின்ன ஆராய்ச்சி செய்து கட்டுரை அனுப்ப வேண்டும். எங்கள் நிலையத்தில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்துக்கொண்டே பட்டப்படிப்பைத் தொடர்ந்தவர்கள். விரிவுரையாளர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கொழும்பு மேடம் என்றே சொல்வோம்.

சனிக்கிழமை எட்டேகாலுக்கு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவேன். ஆறு கணினி, பதினொரு ஆள். ஆளுக்கு எவ்வளவு நேரம், யார் முதலில், யாருக்கு எந்தப் பஸ் என்றெல்லாம் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து விடுவார்களே, அந்தப் பெரட்டு மாதிரியே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

“அண்ணே, இன்னைக்கு எனக்கு எந்த மலை?”

“ஆறாம் நம்பர் மெசின். மௌஸ் கொஞ்சம் இழுக்கும், அதட்டாம புடிங்க.”

இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். யாராவது ஆபீசில் ரிசீவரைத் தூக்கினால் கணினி அறையில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்பார்கள். அதனால் இணைப்புப் போடுமுன் ஆபீசுக்குப் போய்த் தொலைபேசியைப் பார்ப்பேன். திரும்பி வந்து இணைப்புப் போடுவேன். பிறகு மறுபடியும் போய்ப் பார்ப்பேன். மின்சாரம் போகுமோ என்று வானத்தைப் பார்ப்பேன். வெயில் அடித்தாலும் பார்ப்பேன்.

முதல் மாதம் வேடிக்கையாகப் போனது. ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேர் எழுதியதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிறவரைப் பற்றி, ஊர் பார்க்கிற இடத்தில் எப்படிக் குறை எழுதுவது? பதினொரு பேரும் ஆளுக்கு இரண்டு முறை “நன்று” என்று எழுதினார்கள். இருபத்திரண்டு “நன்று”. மறுநாள் மேடம் ஒரு வரி போட்டிருந்தார்: “மகிழ்ச்சி. இனி ஒவ்வொரு நன்றுக்கும் ஏன் என்று எழுதுங்கள்.” அடுத்த சனிக்கிழமை ஒருவர், “உங்கள் இரண்டாம் பந்திக்கு ஆதாரம் இல்லை, மன்னிக்கவும், வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்” என்று எழுதினார். அப்படித்தான் மெல்ல மெல்லப் பழகினார்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

பாடத்தில் சேர ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். பதினொரு பேரில் யாருக்கும் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் பேசும் கொமியூனிகேசன் கடை வைத்திருந்த, நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரிடம் போய் மின்னஞ்சல் திறப்பது எப்படி என்று கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த மனுசன் அன்றே சொன்னார்: “தொறந்து குடுங்க தங்கராஜ். ஆனா பாஸ்வேர்டை அவங்கவங்க போட்டுக்கட்டும். சாவி அவங்க கையிலதான் இருக்கணும்.”

நான் கேட்கவில்லை. றொசல்லைக்கு மேலேயிருந்து ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் பஸ்சில் வந்து, கடவுச்சொல்லை மறந்துபோய் நின்றால் அன்றைய நாளே வீண். மறந்துவிடுவார்களே, மறந்துவிடுவார்களே என்று எனக்கு அதே நினைப்பு. ஒரே பகலில் பதினொரு முகவரியையும் நானே திறந்தேன். பதினொன்றுக்கும் ஒரே கடவுச்சொல் போட்டேன். அதை என் சீஆர் புத்தகத்தில், அந்தத் தடித்த அட்டைக் கொப்பியில், எழுதி மேசை லாச்சியில் பூட்டினேன். ஏதாவது சிக்கலானால் அறிவிப்பு வரவேண்டிய மாற்று முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள்ளும், பாடத்துக்குப் பதிகிற படிவத்தில் இருந்த அதே கட்டத்துக்குள்ளும், பதினொரு தடவையும் என் முகவரியைப் போட்டேன். தினமும் காலையில் பதினொரு பெட்டியையும் திறந்து பார்ப்பேன். முக்கியமாக ஏதாவது இருந்தால் தாளில் எழுதிச் சனிக்கிழமை கையில் கொடுப்பேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது காரியம் இன்னும் மோசம். தோட்டத்து ஆபீசில் இருந்த காலத்தில், பணிவான ஒரு வரி இல்லாத மனுக்களைத் துரையின் மேசையிலிருந்து திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். மேலே போகிற எந்தத் தாளும் வெறுமனே முடியக் கூடாது என்பது என் எலும்பில் ஊறிவிட்டது. இறுதிக் கட்டுரைகளை அனுப்ப வேண்டிய நாளில் பிள்ளைகள் தட்டச்சு செய்து முடித்துப் பஸ்சுக்கு ஓடினார்கள். “நீங்களே அனுப்பிடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொன்றையும் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் வெட்டினாற்போல் முடிந்திருந்தன. மரியாதைக் குறைவு என்று மதிப்பெண் குறைத்துவிட்டால்? பதினொரு கட்டுரைக்கும் கீழே ஒரே வரியைச் சேர்த்தேன்: “மேற்படி விடயத்தைத் தாங்கள் கருணையுடன் கவனத்தில் எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” சேர்த்து, ஒன்றாம் நம்பர் கணினியிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பினேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்றை மட்டும் நானே தட்டச்சு செய்திருந்தேன். அது யோகேஸ்வரியுடையது. றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இருபத்தாறு வயது இருக்கும். அந்த வாரம் அங்கே மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சரிவுக்குப் பக்கத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்திருந்தார்கள், அதனால் அவரால் நகர முடியவில்லை. கையால் எழுதிய பதினான்கு பக்கத்தைக் கடித உறையில் போட்டு, ரயில் பாதையில் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டு: “அண்ணே, அடிச்சு அனுப்பிடுங்க. ஒரு எழுத்தும் மாத்தாதீங்க.” ஒரு எழுத்தும் மாற்றவில்லை, பக்கத்துக்குப் பக்கம் அப்படியே அடித்தேன். கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல எல்லாருடைய பெட்டியையும் திறந்தேன். யோகேஸ்வரியின் பெட்டியில் மேடத்தின் கடிதம். ஹட்டனிலிருந்து வந்த பதினொரு கட்டுரைகளும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன, எல்லாம் ஒரே கணினியிலிருந்து ஒரே மணித்தியாலத்துக்குள் வந்திருக்கின்றன, எல்லா மின்னஞ்சல்களுக்கும் மாற்று முகவரி ஒன்றே என்று தொடங்கியது. மற்றப் பத்துப் பேரும் கலந்துரையாடலில் எழுதிய விதமும் கட்டுரை எழுதிய விதமும் ஒத்துப்போகின்றன, ஆகவே அந்த வாக்கியத்தை மட்டும் நீக்கினால் போதும். “நீங்கள் கலந்துரையாடலில் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. கட்டுரையோ பதினான்கு பக்கம், மிகத் தேர்ந்த கட்டுரை. இதை எழுதியது யார்?” விளக்கம் சரியில்லாவிட்டால் வேறொருவர் எழுதிக் கொடுத்ததாகக் கொள்ளப்படும். இந்தப் பாடத்தில் சித்தி, அதாவது தேர்ச்சி, இல்லை. சித்தி இல்லாவிட்டால் இறுதியாண்டுக்குப் பதிய முடியாது. பதிவு முடிய மூன்று வாரம் இருந்தது.

இரண்டு வரிக்கு மேல் எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய பஸ் பதினொன்றரைக்கு. மற்றவர்களுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிசத்தில் உட்காருவார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி பார்த்துப் பார்த்துக் கடைசியில் சொன்னார்: “கொழும்புல இருந்து பட்டாளமா வரப்போகுது? செஞ்சத சேர்கிட்ட போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி சோத்த எடுத்து நாய்க்குப் போடுறேன்.”

திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். நல்லநாதன் சேர் பென்சிலைச் சீவிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“எனக்குச் சொல்லிப் பிரியோசனமில்லை தங்கராஜ். கொழும்புக்கு எழுத வேணும். நீர் எழுதும்.”

“நானா சேர்? நான் எட்டாம் வகுப்பு.”

“செய்தது ஆர், எட்டாம் வகுப்போ?”

எழுதினேன். மூன்று பக்கம். மேன்மை தங்கிய மேடம் அவர்களுக்கு என்று தொடங்கி, என் வருத்தம், என் மன உளைச்சல், என் பதினான்கு வருசச் சேவை எல்லாம் எழுதினேன். சேர் மூன்று முறை வாசித்தார். ஒவ்வொரு பந்திக்கும் ஒரு கேள்விக்குறி. ஒன்றையும் அழிக்கவில்லை.

“நீர் கவலைப்பட்டது மூண்டு பக்கத்துக்குக் கிடக்கு. நீர் செய்தது எங்கை?”

இரண்டாவதில் செய்ததை எழுதினேன். கூடவே யோகேஸ்வரி நேர்மையான பிள்ளை, கட்டுரையை அவரேதான் எழுதினார் என்றும் எழுதினேன். அந்த இடத்தில் கேள்விக்குறி.

“எழுதினதைக் கண்டனீரோ?”

“இல்ல சேர். எழுதி வந்தத பாத்தேன்.”

“அப்ப வந்ததைச் சொல்லும். எண்டைக்கு வந்தது, ஆர் கொண்டந்தது, எத்தினை பக்கம், கையெழுத்து ஆற்றை, அந்தத் தாள் இப்ப எங்கை?”

அந்தத் தாள் என் லாச்சியில்தான் இருந்தது. தட்டச்சு செய்த பிறகும் எறியப் பயந்து வைத்திருந்தேன். பதினான்கு பக்கத்திலும் வெட்டும் திருத்தமும். ஓரங்களில் அம்புக்குறி போட்டு, “இதை மேலே கொண்டுபோ”, “இவர் சொன்னது மட்டும், நான் பார்க்கவில்லை” என்று தனக்குத் தானே எழுதி வைத்திருந்த குறிப்புகள். சேர் அதைக் கையில் எடுத்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவர் பென்சிலைக் கீழே வைத்து நான் பார்த்தது அது முதல் தடவை. மூன்று முறைக்குப் பதிலாக ஒரே முறை வாசித்தார். ஆனால் அரை மணி நேரம் வாசித்தார்.

“பிள்ளை கெட்டிக்காரி” என்றார். “நீர் இதை வாசிச்சனீரோ?”

“டைப் பண்ணேன் சேர்.”

“அதைக் கேக்கேல்லை.”

மூன்றாவதில் கடவுச்சொல் விசயத்தை விட்டுவிட்டேன். கண்டுபிடித்துவிட்டார். நாலாவது ஒரே பக்கம். தேதி, நேரம், உறை, ஆள், நான் திறந்த முகவரிகள், நான் போட்ட கடவுச்சொல், நான் சேர்த்த வரி. ஒரே ஒரு கேள்விக்குறிதான் மிஞ்சியது, அடியில். பழக்கதோசத்தில் அதே பணிவான வரியை என் கடிதத்துக்கும் போட்டிருந்தேன்.

“ஆரிட்டைக் கருணை கேக்கிறீர்? நடந்ததை அல்லோ சொல்லுறீர்.”

வெட்டினேன். கையால் எழுதிய பதினான்கு பக்கத்தின் நகலோடு கடிதம் தபாலில் போனது.

புதன்கிழமை பாதை திறந்து யோகேஸ்வரி வந்தார். மேடத்தின் கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன். அவர் இரண்டாம் தடவையும் வாசித்தார். முகம் சிவந்து போயிருந்தது.

“இது எப்ப வந்துச்சு அண்ணே?”

“வெள்ளிக்கிழமை.”

“இன்னைக்கு புதன். எனக்கு வந்த கடிதம், அஞ்சு நாளா உங்ககிட்ட இருந்திருக்கு.”

அவர் அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“என் கட்டுரை எதப் பத்தின்னு சொல்லுங்க பாப்போம்.”

“தெரியாது தங்கச்சி. பிழை வந்துருமோன்னு எழுத்து எழுத்தா பாத்து அடிச்சேன். சேத்து வாசிக்கல.”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, கதிரையில் உட்கார்ந்து சிரித்தார்.

“எங்க லயத்து வீடுகளுக்கு நம்பர் கிடையாது அண்ணே. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது. அங்க ஒருத்தர் கையில எடுத்து, நல்லதுக்குன்னு பத்திரப்படுத்தி வச்சிருந்து, அவருக்கு நேரம் வர்றப்ப குடுக்கிறார். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் பரீட்சை முடிஞ்ச பிறகு வந்த கதை மட்டும் நாலு பேருகிட்ட கேட்டு எழுதியிருக்கேன். அதுதான் என் ஆராய்ச்சி. பதினாலு பக்கமும் அதுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்டர்நெட் வந்துருச்சு, இனி யாரு கையையும் பாக்க வேண்டாம்னு முடிவுரையில எழுதிட்டேன். நீங்க இங்க ஒரு தோட்டத்து ஆபீசே நடத்திக்கிட்டு இருக்கீங்க.”

ஆபீசில் அஞ்சு வருசம் கடிதப் பையைச் சுமந்தவனும் நான்தான் என்று சொன்னேன். உடனே பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

“அப்ப உக்காருங்க. பை எத்தன மணிக்கு வரும்? யாரு பிரிப்பாங்க?”

அன்று பஸ் வரும்வரை என்னைக் கேள்வி கேட்டார். நான் “எல்லாரும் சொல்லுவாங்க” என்று ஆரம்பித்தாலே “நீங்க பாத்ததா அண்ணே?” என்பார். நல்லநாதன் சேர் அடுத்த அறையில் இருமினார். சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். பார்க்கவில்லை.

மேடம் பதில் போட்டார். கடிதமும் கையெழுத்துப் பிரதியும் கிடைத்தன, ஆனாலும் மாணவியிடம் நேரடியாகக் கேட்க வேண்டும், சனிக்கிழமை பத்து மணிக்கு இணையத்தில் அரட்டைப் பெட்டி வழியாக நாற்பது நிமிசம் கேள்வி கேட்பேன், நிலையப் பொறுப்பாளர் பக்கத்தில் சாட்சியாக இருக்க வேண்டும், உதவியாளர் அறைக்குள் இருக்கக் கூடாது. அந்த உதவியாளர் நான்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் கிடைத்த வேலை ஆபீசில் தொலைபேசியைக் காப்பது. ஒருவர் ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு அறுந்துபோகும். பாதியில் அறுந்தால், பதில் தெரியாமல் தானே நிறுத்திவிட்டார் என்று மேடம் நினைத்துவிட்டால்? தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து அலுவலகத்துச் சிங்கள மஹத்தயா ஒருவர் தினமும் பத்து மணிக்கு வந்து எங்கள் தொலைபேசியில் தன் வீட்டுக்குப் பேசுவார். அன்றும் வந்தார். “பொட்டக் இன்ன மஹத்தயா” என்று சிங்களத்தில் பொறுத்திருக்கச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்றார். நாற்பது நிமிசம் என்றேன். தொலைபேசி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, உள்ளே ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நடக்கிறது என்றேன். அவர் என் மடியையும் என் முகத்தையும் பார்த்தார். பிறகு கதவுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வந்த இன்னும் இரண்டு பேரை அவரே திருப்பி அனுப்பினார். அந்த மனுசனுக்கு நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டவன்.

உள்ளே என்ன நடந்தது என்பதை சேர் பிறகு அச்செடுத்துக் கோப்பில் போட்டார். நான் வாசித்தேன், இந்தத் தடவை சேர்த்து வாசித்தேன். யோகேஸ்வரி இரண்டு விரலால் தட்டுகிறவர், அதனால் பதில்கள் சின்னச் சின்னதாக இருந்தன. ஏன் நாலு பேரை மட்டும் கேட்டீர்கள் என்று மேடம் கேட்டிருந்தார். “ஏழு பேரைக் கேட்டேன். மூன்று பேர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதைக் கட்டுரையில் சொல்லாதது என் பிழை.” ஏழாம் பக்கத்தில் ஆபீசில் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று ஏன் எழுதவில்லை? “எனக்குத் தெரியாது. தாமதம் தெரியும். காரணம் தெரியாது.” கடைசியாக ஒரு கேள்வி: “உங்கள் கட்டுரையின் கடைசி வரியை என்ன செய்யலாம்?” அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமான பதில்: “கட்டுரையிலிருந்து நீக்குங்கள், அது என்னுடையதல்ல. ஆனால் எறிய வேண்டாம். எங்கள் உதவியாளரின் கடிதத்தோடு பின்னிணைப்பாகச் சேர்க்க அனுமதி வேண்டும். என் முடிவுரையை மாற்ற வேண்டியிருக்கிறது.”

திங்கட்கிழமை மேடம் அனுமதி கொடுத்தார். புதிய முடிவுரைக்கு ஒரு வாரம். பதிவு முடிய அதற்கு மேல் நாலு நாள்தான் மிச்சம்.

அந்த நாலு நாள் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பில்லை. முடிவுரையை யோகேஸ்வரி சனிக்கிழமையே தன் கையால் தட்டி அனுப்பிவிட்டார், வெள்ளிக்கிழமை பதிவு முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலை, முடிவு வந்திருக்குமோ என்று யோகேஸ்வரியின் பெட்டியைத் திறக்கப் போனேன். கை தானாகவே பழைய கடவுச்சொல்லை அடித்தது. திறக்கவில்லை. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். திறக்கவில்லை. மற்றப் பத்தையும் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. பதினொரு பேரும் மாற்றிவிட்டார்கள். மாற்றிய அறிவிப்பு ஒன்றும் எனக்கு வராததால், மாற்று முகவரியிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒன்பது மாதமாக என் சீஆர் புத்தகத்தில் பூட்டி வைத்திருந்தது எதற்கும் உதவாமல் போனது.

பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி கிடையாது. புதன் போனது. வியாழக்கிழமை பகல் யோகேஸ்வரி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பெரட்டு, பெயர் கூப்பிடுவது எல்லாம் மறந்துபோய் நான் ஒன்றாம் நம்பர் கதிரையை இழுத்துப் போட்டேன். இணைப்புக் கிடைத்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் விசைப்பலகையின் மேல் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“திரும்பி நில்லுங்க அண்ணே.”

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் ஒவ்வொரு விசையாகத் தட்டுகிற சத்தம். பிறகு பக்கம் திறக்கிற அந்த நீண்ட நேரம். மின்சாரம் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

“வந்திருக்கா தங்கச்சி?”

“வந்திருக்கு.”

“என்ன போட்டிருக்காங்க?”

“இருங்க, வாசிக்கிறேன்ல.”

வாசித்தார். சத்தமில்லாமல் முழுவதையும் வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“பாஸ் அண்ணே. நாளைக்குப் பதியலாம்.”

நான் சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பப் போனேன்.

“திரும்பாதீங்க, இன்னும் முடியல. ஒரு திருத்தம் கேட்டிருக்காங்க. பின்னிணைப்புல இருக்கிற கடிதத்தையும் பேட்டியையும் கட்டுரையில பாவிச்சிருக்கேனாம், ஆனா அந்த ஆளோட பேர உசாத்துணைப் பட்டியல்ல, ஆதாரம் எழுதுற இடத்துல, போடலயாம். போட்டு இன்னைக்கே அனுப்பணுமாம்.” விசைப்பலகையை அவர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. “உங்க முழுப் பேரு என்ன அண்ணே?”

சுவரைப் பார்த்தபடியே, “பெரியண்ணன் தங்கராஜ்” என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.